தாய்மாமன் விருப்பம்

ஆரணியில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரும் ஐம்பது வயதுப் பெண்மணியை எந்தக் கல்யாண மண்டபத்து வாசலிலும் யாரும் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் "வாங்க, வாங்க" கிடைக்கும். இந்த ஒரு வசதியை வைத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு வருடங்களாக, யாரும் அழைக்காத எத்தனையோ வரவேற்புகளுக்கு நான் போயிருக்கிறேன். சாப்பிடப் போகவில்லை. பந்தி நடக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. கச்சேரி கேட்கப் போனேன்.

யாராவது நெருக்கிப் பிடித்து, "நீங்க எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டால், மேடைப் பக்கமாகக் கையை நீட்டி, "அந்தப் பக்கம்" என்பேன். அங்கேதான் மணமக்களும் நிற்பார்கள், கீபோர்டும் நிற்கும். கேட்டவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்.

என் கணவருக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. "கூப்புடாத வூட்டுக்கு எப்டி போற? டீச்சர் வேற" என்பார். சொல்லிக்கொண்டே வண்டியை வெளியே எடுப்பார். என்னை மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் டீக்கடையில் செய்தித்தாளோடு உட்கார்ந்துவிடுவார். இரண்டு மணி நேரத்தில் அந்தத் தாளின் வரி விளம்பரம் வரை அவருக்கு மனப்பாடம் ஆகிவிடும். திட்டிக்கொண்டே துணைக்கும் வருகிற மனிதர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நான் கொடுத்து வைத்தவள்.

"அதே பாட்டு போன்லயே கீதே" என்று அவர் கேட்காத வாரம் கிடையாது. இருக்கிறதுதான். ஆனால் போனில் பாடுகிறவள் ஒருநாளும் தவற மாட்டாள். உச்சஸ்தாயிக்கு ஏறுகிற இடத்தில் எப்போதும் சரியாக ஏறிவிடுவாள். நேரில் அப்படியில்லை. காலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, மாலை பேருந்து பிடித்து வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு மைக்கின் முன்னால் நிற்கும் ஒரு பெண், அந்த இடத்துக்கு முன்னால் ஒரு மூச்சு எடுப்பாள். நானும் எடுப்பேன். எட்டுவாளா மாட்டாளா என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அந்த அரை விநாடிக்காகத்தான் நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்புகிறேன்.

ஒரே ஒரு முறை சென்னையில் பெரிய கச்சேரிக்குப் போனேன். என் மகள் அழைத்துப் போனாள். அது ஒரு மைதானம். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பாடுகிறவர் அரிசி மணி அளவு தெரிந்தார். பக்கத்தில் கட்டியிருந்த பெரிய திரையில்தான் முகம் தெரிந்தது. எல்லோரும் போனை உயர்த்திப் பிடித்துத் திரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு ஆனந்தம். பாட்டும் பிரமாதம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் கைதட்டியது அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்கிற வருத்தம் திரும்பி வரும் வழி முழுக்க இருந்தது.

ஆரணியில் அந்த வருத்தம் கிடையாது. இங்கே கைதட்டுவதே நான் ஒருத்திதான். வரவேற்புக்கு வருகிறவர்கள் மேடையேறிப் படம் எடுக்க வரிசையில் நிற்பார்கள், இல்லையென்றால் பந்திக்கு இடம் பிடிக்க நிற்பார்கள். மின்விசிறியும் பேச்சும் குழந்தைகளின் ஓட்டமும் போக மிச்சமிருக்கும் இடத்தில் அந்த ஏழெட்டுக் கலைஞர்கள் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருப்பார்கள். தபேலா வாசிப்பவர் பகலில் மோட்டார் காயில் கட்டுகிறவர். விரல்களில் வார்னிஷ் கறை போகாது. புல்லாங்குழல்காரர் போளூரிலிருந்து வருவார், கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலை முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். பாட்டு முடிந்ததும் மண்டபத்தில் ஓர் அமைதிகூட விழாது. அங்கே நான்காவது வரிசையின் இடக்கோடியில், ஸ்பீக்கர் பெட்டிக்கு நேராக இல்லாத ஓர் இடத்தில் உட்கார்ந்து, நான் தட்டுவேன். ஆரம்பத்தில் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கலைஞர்களே பாட்டு முடிந்ததும் அந்தக் கோடியைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருநாள் பஜாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பாடகி என் எதிரில் வந்து நின்று, "கை தட்ற டீச்சர்தானே நீங்க?" என்றாள். எனக்கு நல்லாசிரியர் விருது கிடைத்திருந்தாலும் அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

ஆடி மாதத்தில் அம்மன் கோயில் திடலில் நடக்கும் கச்சேரிக்கும் போவேன், மாதா கோயில் தேர் அன்று நடக்கும் கச்சேரிக்கும் போவேன். நாங்கள் கிறிஸ்தவ சபைக்குப் போகிற குடும்பம். சபையில் பெரியவர் ஒருவர், "அம்மன் கோயில் திடல்ல பாத்தேன்னு சொன்னாங்களே?" என்று மெல்ல இழுத்தார். "ஆமாங்கய்யா, அடுத்த வெள்ளியும் கீது, வர்றீங்களா?" என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

கச்சேரிகளில் துண்டுச் சீட்டு என்று ஒன்று உண்டு. வேண்டிய பாட்டை எழுதி முன்வரிசைக்கு அனுப்பினால் கைமாறிக் கைமாறி மேடைக்குப் போகும். அறிவிப்பாளர் படித்துப் பார்த்து, கேட்டவர் இன்னார் என்று மைக்கில் சொல்லி, பாட்டை அறிவிப்பார். எனக்கு ஒரு பாட்டு உண்டு. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்களும் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். பழைய பாட்டு. புல்லாங்குழலில் தொடங்கும், தாளம் எதுவும் இல்லாமல் பெண் குரல் தனியாக நுழையும், இரண்டு வரி போன பிறகுதான் தபேலா வந்து கைபிடிக்கும். அந்தப் பாட்டைக் கேட்டு நான் எழுதிய முதல் சீட்டுகளில் "ஒரு ரசிகை" என்று கையெழுத்திட்டேன். அவையெல்லாம் தபேலாக்காரரின் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. மாப்பிள்ளையின் நண்பர்கள் அனுப்பும் சீட்டுகளுக்குத்தான் மரியாதை. அவர்கள் கேட்பதெல்லாம் குத்துப்பாட்டு.

ஒருநாள் ஒரு வரவேற்பில் அப்படி ஒரு குத்துப்பாட்டு பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளரின் கைக்கு ஒரு சீட்டு வந்தது. படித்ததும் கையை உயர்த்தி வாத்தியங்களை நிறுத்தினார். "நம்ம மணமகளின் தாய்மாமன் அவர்கள் விரும்பிக் கேட்கும் பாடல்!" என்றார். நண்பர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள், ஒரு முணுமுணுப்பு இல்லை. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் பெண்ணுக்கு மாலை இல்லை, நெற்றியில் கட்டும் பட்டம் இல்லை, மணவறை இல்லை. அவர் கேட்டதை இல்லையென்று சொல்ல ஆளும் இல்லை.

கணக்கு டீச்சருக்கு ஒரு சூத்திரம் கிடைத்துவிட்டால் விடுவாளா? அடுத்த கச்சேரியிலேயே "மணமகளின் தாய்மாமன் விருப்பம்" என்று எழுதி அனுப்பினேன். பாட்டு வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. ஏழெட்டு முறை இப்படிக் கேட்டு அனுபவித்தேன். எந்தத் தாய்மாமனும் எழுந்து, நான் கேட்கவில்லை என்று சொன்னதில்லை. மைக்கில் தன் பெருமை வரும்போது எந்த மனிதன் மறுப்பான்? ஒருவர் எழுந்து நின்று நாலு திசைக்கும் கும்பிடு போட்டார். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று மனதில் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அந்தக் கணக்கு தப்பியது ஒரு வைகாசி மாத மாலையில். மறுநாள் காலை முகூர்த்தம், முந்தைய மாலை வரவேற்பு. பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் மண்டபத்து வாசலில் கச்சேரிக் குழுவின் வேனைப் பார்த்தேன். அந்தப் பாடகி இறங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய் மாம்பழ மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு ஏழு மணிக்கெல்லாம் என் கோடி நாற்காலிக்கு வந்துவிட்டேன். நாலைந்து பாட்டு போனதும் வழக்கமான சீட்டை அனுப்பினேன்.

"அடுத்து, நமது மணமகளின் தாய்மாமன் அவர்கள் விரும்பிக் கேட்டிருக்கும் ஒரு அற்புதமான பாடல்" என்றார் அறிவிப்பாளர். புல்லாங்குழல் தொடங்கியது. நான் கண்ணை மூடப் போனேன்.

மேடைப் படியருகில் நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர், கையிலிருந்த சந்தனத் தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று நடுவழியில் இறங்கி வந்தார். ஒவ்வொரு வரிசையாக நின்று, உட்கார்ந்திருந்த ஆண்களின் முகத்தைக் குனிந்து குனிந்து பார்த்தார். போனில் தலைகவிழ்ந்திருந்த ஒருவரைத் தோளைத் தொட்டு நிமிரச் செய்து பார்த்தார். தன்னைத்தான் வரவேற்கிறார் என்று நினைத்து ஒரு கிழவர் எழுந்து நின்றார். அவரைத் தாண்டிப் போய்விட்டார்.

"இன்னா, வந்துட்டாரா அவரு?" என்று என் பக்கத்து நாற்காலிப் பெண்மணி எம்பிப் பார்த்தார்.

"யாருங்க?"

"பொண்ணோட தாய்மாமன்தான். பெரணமல்லூர்ல கீறாரு. அதோ தேடிகினு போறாங்களே, பொண்ணோட அம்மா, அவங்களுக்குக் கூடப் பொறந்த அண்ணன். பத்து வருஷமா பேச்சு வார்த்தை இல்ல. மைக்ல சொன்னாங்களே, நீங்க கேக்கலியா?"

அவர் சொல்லிக்கொண்டே போனார். இந்தப் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தபோது தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு கிளம்பி வந்திருக்கிறார். வழியில் ரயில்வே கேட் போட்டு, கேட்டில் லாரி ஒன்று பழுதாகி நின்று, மாட்டிக்கொண்டார். நல்ல நேரம் தாண்டுகிறதே என்று இங்கே பெரியவர்கள் அவசரப்பட்டு, ஒன்றுவிட்ட தம்பி ஒருவரைத் தாய்மாமன் இடத்தில் நிறுத்தி மாலை போடச் சொல்லிவிட்டார்கள். இவர் தட்டுகளோடு உள்ளே நுழைந்தபோது பெண்ணின் கழுத்தில் வேறொருவர் போட்ட மாலை. தட்டுகளை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர்தான்.

"பத்திரிகை வெக்கப் போனாங்க. உள்ள கீறாரு, வெளிய வரல. வூட்டுக்காரம்மாதான் வாங்கி வெச்சாங்க. நாளைக்குப் பட்டம் கட்றதுக்கும் அந்த ஒண்ணுவிட்ட தம்பியத்தான் சொல்லி வெச்சுகீறாங்க. இவங்க காலைலேர்ந்து அழுதுகினு இருந்தாங்க, பாவம். இப்ப பாருங்க, வந்துட்டாரு போல."

மேடையில் பாடகி இரண்டு வரியைத் தனியாகப் பாடி முடித்திருந்தாள். தபேலா எப்போது சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு ஆசையாகக் கேட்கிற பாட்டில் ஒரு வரியும் என் காதில் ஏறவில்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. எழுந்து போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. சத்தமில்லாமல் பின்வாசல் வழியாகக் கணவரிடம் ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன், ஒளிப்பானேன்.

அந்த அம்மா பந்திக்கூடத்துக்குள் போய் வெளியே வந்தார். பிறகு வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். தெரு விளக்கின் கீழே வரிசையாக நிறுத்தியிருந்த இருசக்கர வண்டிகளின் நம்பர் பலகைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார். பேசாத பத்து வருடத்தில் அண்ணன் வண்டி நம்பரை எப்படியோ தெரிந்து மனதில் வைத்திருந்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அம்மா, தேடாதீங்க. அந்தச் சீட்ட எழுதினது நான்தான்."

நிமிர்ந்தார். "எந்தச் சீட்டு?"

"தாய்மாமன் விருப்பம்னு மைக்ல சொன்னாங்களே. அத நான் எழுதி அனுப்பினேன். உங்க அண்ணன் வரல."

"நீங்க யாருங்க?"

இத்தனை வருடமாக எந்த மண்டபத்திலும் வராத கேள்வி, அன்றைக்கு வந்தது. "டீச்சருங்க" என்றேன். "கணக்கு டீச்சர்."

"மாப்ள வூடா?"

"இல்லங்க."

"எங்க அண்ணன உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. எனக்கு யாரையும் தெரியாது. பாட்டு கேக்க வந்தேன். தாய்மாமன்னு எழுதினா உடனே பாடுவாங்கன்னு..."

அவர் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. நின்றிருந்த ஒரு வண்டியின் சீட்டில், பட்டுப்புடவை கசங்குவதைக்கூடப் பார்க்காமல், சாய்ந்து உட்கார்ந்தார். என்னிடம் இல்லை, தனக்குத்தானே பேசுகிற மாதிரி பேசினார்.

"எங்க அண்ணனுக்குப் பாட்டே ஆவாதுங்க. ரேடியோ போட்டா பேஜாரா கீதுன்னு அணைச்சிடுவாரு. அவரு போய்ப் பாட்டு கேட்டாருன்னதும், வந்துட்டேன்னு எனக்குத்தான் சொல்லி அனுப்பறாருன்னு நெனச்சேன். மூஞ்சி குடுத்துப் பேசறதுக்கு ரோஷம். அதான் சீட்டுல சொல்றாருன்னு."

"நான் போய் மைக்ல சொல்லிடறேங்க. தப்பா படிச்சிட்டாங்கன்னு சொல்லச் சொல்றேன்."

சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "சொல்லாதீங்க!" பிடித்த பிடியை விடாமலே யோசித்தார். அழுத முகம் மெல்ல வேறு மாதிரி ஆயிற்று. பரீட்சை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது வழி கிடைத்துவிட்ட பிள்ளையின் முகத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அதே முகம்.

"மைக்ல சொன்னத எல்லாரும் கேட்டிருப்பாங்க இல்ல?"

"மண்டபம் பூரா கேட்டுச்சுங்க."

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தார். அண்ணன் எண்ணைத் தேடவில்லை, விரலாலேயே பத்து இலக்கத்தையும் அழுத்தினார். வெகுநேரம் மணி அடித்தது. எடுத்துவிட்டார் என்பது அந்த அம்மா விறைத்து நின்றதில் தெரிந்தது. அந்தப் பக்கத்துப் பேச்சு எனக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தை மட்டும் கேட்டேன்.

"நான்தாண்ணா."

"ஒண்ணுமில்ல. பாட்டு கேட்டியே, எங்க உக்காந்துகினுகீறன்னு தேடிகினுகீறேன்."

"ஆமா, நீதான். தாய்மாமன் விருப்பம்னு மைக்ல சொன்னாங்க. ஊரே கேட்டுச்சு. எல்லாரும் எங்க எங்கன்னு உன்னத்தான் கேக்கறாங்க."

கரகரவென்று அந்தப் பக்கம் குரல் மட்டும் உயர்ந்தது.

"எனக்கு இன்னாண்ணா தெரியும்? நீ இல்லன்னா வேற எவனோ உன் பேரச் சொல்லிப் பாட்டு கேக்கறான். அன்னிக்கும் ஒருத்தன் உன் எடத்துல நின்னான். இன்னிக்கும் ஒருத்தன் நிக்கறான். உடறதுன்னா உடு. இல்லன்னா ஜல்தியா வந்து நீயே கேளு."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "வெச்சிட்டாரு" என்றார். பத்து வருடமாகக் கிடைக்காத ஒரு சாக்கு என் பொய்யில் அவருக்குக் கிடைத்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் வருவாரா என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கே தெரியாது.

"நீங்க போவக் கூடாதுங்க டீச்சர்" என்றார். "வந்து எவன் அவன்னு கேட்டா நான் யாரக் காட்டறது?"

அவர் உள்ளே போய் வந்தவர்களைக் கவனிப்பார், ஐந்து நிமிடத்தில் வாசலுக்கு வருவார், சாலையைப் பார்ப்பார், திரும்ப உள்ளே போவார். நான் வாழைமரத்தடியில் நின்றேன். எதிரே டீக்கடையிலிருந்து என் கணவர் தாளை இறக்கி, "போலாமா?" என்று தலையாலேயே கேட்டார். இல்லை என்று கையாட்டினேன். உள்ளே பாட்டுக்கு மேல் பாட்டாகப் போய்க்கொண்டிருந்தது. சபையில் முழங்கால் படியிட்டு ஒப்புக்கு ஜெபித்த நாட்கள் எனக்கு உண்டு. அன்றைக்கு நின்றுகொண்டே, கண்ணைத் திறந்துகொண்டே, முகம் தெரியாத ஒரு மனிதருக்காக மனதார ஜெபித்தேன். சாலையில் திரும்பும் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் எட்டி எட்டிப் பார்த்தேன்.

கடைசியில் நன்றி சொல்லும் பாட்டையும் பாடி முடித்துவிட்டார்கள். வயர்களைச் சுற்றும் சத்தம் கேட்டது. கலைஞர்கள் சாப்பிடப் போனார்கள். அந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். இந்த முறை உள்ளே திரும்பிப் போகவில்லை.

ஒரு பழைய வண்டி வந்து, மற்ற வண்டிகளோடு சேராமல், வாசலுக்கு நேராகவே நின்றது. ஓட்டி வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையின் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. கூப்பிட்ட பிறகு தேடி எடுத்துப் போட்ட சட்டை இல்லை அது, எப்போதோ எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்த சட்டை. ஹேண்டிலில் ஒரு துணிப்பை தொங்கியது. அதன் வாய்ப்பக்கம் பட்டம் ஒன்றின் தங்க நிறக் காகிதமும் மஞ்சள் நூலும் எட்டிப் பார்த்தன. ஆக, மறுநாள் பெண்ணின் நெற்றியில் கட்ட வேண்டிய பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டுதான் மனிதர் வீட்டுக்குள்ளே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். கடவுளே, உமக்கு ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

தங்கையின் முகத்தை அவர் பார்க்கவில்லை. "எவன் அவன்?" என்றார்.

"இவங்கதான்" என்று அந்த அம்மா என்னைக் காட்டினார்.

சட்டைக் காலரைப் பிடிக்கிற ஆத்திரத்தில் வந்தவருக்கு எதிரே, மாம்பழ மஞ்சள் பட்டில், கையைக் கூப்பிக்கொண்டு ஒரு பெண்மணி. என்ன செய்வார் பாவம். என்னையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்புதாங்க, மன்னிச்சிடுங்க" என்றேன். "பாட்டு ஆசையில எழுதிட்டேன்."

"இன்னா பாட்டு?" என்று தங்கையைக் கேட்டார். பத்து வருடம் கழித்து நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தை.

"எனக்கு இன்னாண்ணா தெரியும்? நான் உன்னத் தேடினேன். பாட்ட யாரு கேட்டா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நான் கேட்டேன்னு மண்டபம் பூரா சொல்லியாச்சு. நாளைக்கு உள்ள எவனாவது, இன்னா பாட்டு மாமா கேட்டீங்கன்னா நான் இன்னா சொல்றது? எந்தப் பாட்டுங்க அது?"

முதல் வரியைச் சொன்னேன்.

"இப்டி ஒப்பிச்சா எனக்கு எப்டித் தெரியும்? பாடுங்க."

உள்ளே மேடை காலி. பாடகி இலையின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். வாசலில் நான்தான் இருந்தேன். கோயில் திடலில், தேரடியில், ஊரார் வீட்டு வரவேற்புகளில், எத்தனையோ பேர் தொண்டை வலிக்கப் பாடியதை உட்கார்ந்து வாங்கிக்கொண்டே இருந்தவள். என்னைப் பாடு என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்குப் பாடவும் வராது. ஆனால் அந்த இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நிறுத்தினால் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டி வரும், அதற்கு இன்னும் தயாராகவில்லை என்பது எனக்குப் புரிந்தது. பாடினேன். சுருதி ஒரு பக்கம் போயிற்று, குரல் ஒரு பக்கம் உடைந்தது. எதிர்ப்பக்கம் டீக்கடையில் கணவர் எழுந்து நின்றுவிட்டார். பல்லவி முழுவதையும் பாடிவிட்டுத்தான் நிறுத்தினேன்.

அண்ணன் ஹேண்டிலிலிருந்து பையை எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்தார்.

"பரவால்ல" என்றார். "நல்ல பாட்டாத்தான் கேட்டுகீறேன்."